செயற்கை நுண்ணறிவை ஒரு நிஜ வேலையோடு கற்க எங்கிருந்து தொடங்குவது?

புதுவரவு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பைதானில் லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபங்ஷன், கோப்பைத் திறந்து படிப்பது வரை வரும். அடுத்து செயற்கை நுண்ணறிவை ஒரு நிஜ வேலையை வைத்துக் கற்க வேண்டும். எடுத்திருக்கும் வேலை இது: ஒரு சேவை மையத்துக்குத் தமிழில் வரும் புகார்களை ‘பணம் திரும்பக் கேட்பது’, ‘பொருள் வரவில்லை’, ‘பழுது’, ‘கணக்குச் சிக்கல்’, ‘மற்றவை’ என்று ஐந்தாகப் பிரித்து உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஆட்கள் கையால் பிரித்து வைத்த பழைய புகார்கள் 6,000 இருக்கின்றன, தேதியோடு.

கணிதத்தை முடித்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டுமா? இதற்கு நியூரல் நெட்வொர்க் வேண்டுமா, பெரிய மொழி மாடல் வேண்டுமா? கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி அவசியமா?

அளவுகோல் எழுதியது:

கார்டு வேண்டாம். சாதாரண மடிக்கணினியே இதற்கு மிச்சம். எந்த மாடல் என்பதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் செய்ய வேண்டியது, 6,000 புகாரையும் தேதி வரிசையில் அடுக்கி மூன்றாக வெட்டுவது: பழைய 4,200 பயிற்சிக்கு, அடுத்த 900 சரிபார்ப்புக்கு, கடைசி 900 இறுதிச் சோதனைக்கு. கடைசி 900ஐத் தனிக் கோப்பில் போட்டு மூடிவிடுங்கள். எல்லாத் தேர்வும் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை திறக்க வேண்டிய கோப்பு அது.

குலுக்கிப் பிரித்தால் என்ன என்று கேட்கலாம். மாடல் வேலை செய்யப்போவது நாளை வரும் புகார்களில். குலுக்கிப் பிரித்தால், போன மாதம் ஒரே பொருளில் வந்த ஒரே மாதிரிக் குறை பயிற்சியிலும் சோதனையிலும் பாதிப் பாதியாக விழும். மாடல் அந்தப் பொருளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு நல்ல மதிப்பெண் வாங்கும். புதுப் பொருள் வந்ததும் தடுமாறும். தேதிப்படி வெட்டினால் அந்தத் தடுமாற்றம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். ஒரே ஆள் ஒரே புகாரை மூன்று முறை அனுப்புவது சகஜம். இடைவெளி, நிறுத்தக்குறி, எண்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒப்பிட்டால் பெரும்பாலானவை பிடிபடும்.

அடுத்தது அடிமட்டம், அதாவது எந்த மாடலும் தாண்டியாக வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண். எல்லாப் புகாரையும் ‘பொருள் வரவில்லை’ என்றே சொல்லும் ஒரு வரி நிரல் எவ்வளவு சரி என்று பாருங்கள். அந்த வகை 40 சதவீதம் என்றால் உங்கள் அடிமட்டம் 40. பிறகு ‘ரீஃபண்ட்’, ‘பாஸ்வேர்டு’ போன்ற 20 சொற்களை வைத்து நீங்களே எழுதும் விதிகள். மூன்றாவதாக, சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தில் டிஎஃப்-ஐடிஎஃப் (எங்கும் வரும் சொல்லுக்குக் குறைவாகவும் அரிய சொல்லுக்கு அதிகமாகவும் எடை போட்டு உரையை எண்களாக்கும் முறை) போட்டு, அதன் மேல் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (அந்த எண்களிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் நிகழ்தகவு கணிக்கும் எளிய மாடல்). 4,200 புகாரில் இது சில நொடிகளில் பயிற்சி முடித்துவிடும். பயிற்சித் தரவோடு மாடல் எவ்வளவு ஒட்டிப்போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சி என்ற அளவுருவுக்கு 0.1, 1, 10 மூன்றையும் சரிபார்ப்புத் தொகுப்பில் ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முடிந்ததும் தவறாகப் போனவற்றில் 100 புகாரை எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். இந்த வேலையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். மாடலை மாற்றிக் கிடைக்கும் முன்னேற்றத்தைவிட இந்த வாசிப்பில் கிடைப்பது பெரும்பாலும் அதிகம்.

மெய்யெழுத்து எழுதியது:

அளவுகோல் சொன்னதை அப்படியே செய்வதற்கு முன் ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். தமிழில் வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

உரையை எண்களாக மாற்றும் சைக்கிட்-லேர்னின் கவுண்ட்வெக்டரைசரும் டிஎஃப்-ஐடிஎஃப் வெக்டரைசரும் உரையைச் சொல்லாக வெட்ட ஒரு இயல்புநிலை விதியை வைத்திருக்கின்றன: இரண்டோ அதற்கு மேலோ எழுத்துகள் தொடர்ந்து வந்தால் அது ஒரு சொல். சிக்கல் எங்கே என்றால், பைதானின் கணக்கில் நம் புள்ளியும் கால், கொம்பு, கொக்கி எல்லாமும் ‘எழுத்து’ அல்ல, ஒட்டுக்குறிகள். ஆகவே அந்த இடத்திலெல்லாம் சொல் அறுந்துபோகும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’ மட்டும் மிஞ்சும். தனித்து நிற்கும் ‘ழ’ ஓரெழுத்து என்பதால் தூக்கி எறியப்படும். ‘வேண்டும்’ முழுதாகவே காணாமல் போகும், ஏனென்றால் அதில் எந்த இரண்டு எழுத்தும் இடையில் குறியில்லாமல் அடுத்தடுத்து வரவில்லை. இதைவிட மோசம்: ‘இல்லை’யும் ‘இலை’யும் இரண்டுமே ‘இல’ ஆகிவிடும். புகாரைப் பிரிப்பதற்கு மிக முக்கியமான மறுப்புச் சொல்லே அடையாளம் இழந்துவிட்டது.

பிழைச் செய்தி எதுவும் வராது. மாடல் ஓடும், ஏதோ ஒரு மதிப்பெண்ணும் காட்டும். அதனால்தான் இது ஆபத்து. ‘தமிழுக்கு இந்த முறை சரிவராது’ என்று முடிவுகட்டிவிட்டுப் பெரிய மாடலுக்குத் தாவுவார்கள்.

சரிசெய்வது எளிது. டோக்கனைசர் அளவுருவில் இடைவெளியை வைத்து மட்டும் வெட்டும் சொந்த ஃபங்ஷனைக் கொடுங்கள். அதைவிட நல்லது, அனலைசரை ‘சார் டபிள்யூபி’ என்று வைத்து எழுத்துத் துண்டுகளை 2 முதல் 5 நீளம் வரை எடுப்பது. இது சொல்லை இடைவெளியில் பிரித்து அதற்குள் துண்டு எடுப்பதால் குறிகள் தப்பிக்கும். ‘கிடைக்கவில்லை’, ‘கிடைக்கல’, ‘கிடைக்கலை’ மூன்றுக்கும் பொதுவான துண்டுகள் நிறைய இருப்பதால், வேர்ச்சொல் பிரிக்கும் கருவி இல்லாமலே அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாகும். விகுதி அடுக்கும் மொழிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. எழுத்தோடு ஒட்டிய குறிகளை நீக்கும் ஸ்ட்ரிப் ஆக்சென்ட்ஸ் அளவுருவை மட்டும் ‘யூனிகோட்’ என்று வைத்துவிடாதீர்கள். அது புள்ளியைத் துடைத்துவிடும்.

அதற்கும் முன்னால் உரையைச் சுத்தம் செய்ய வேண்டும். ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டு வேறு சரங்கள். பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் என்எஃப்சி இயல்பாக்கம் செய்தால் இவை ஒன்றாகிவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்போடு ளகரத்தைத் தட்டிய இடங்கள் மட்டும் என்எஃப்சியால் சரியாகாது, தனி விதி எழுத வேண்டும். பழைய கோப்புகளில் பாமினி, டிஸ்கி போன்ற குறியாக்கம் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் புகார்களும் வந்திருக்கும். அவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் தனியாகக் கவனிக்க வேண்டும்.

அணிக்கோவை எழுதியது:

கணிதக் கேள்வியை யாரும் தொடவில்லையே. கணிதம் வேண்டாம், நிரலை ஓட்டிக் கற்றுக்கொள் என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. முழுப் பாடமும் தேவையில்லை, ஆனால் மூன்று இடங்களில் கணக்குப் போடத் தெரியாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

ஒன்று, இழப்புச் சார்பு, அதாவது மாடல் எவ்வளவு தவறுகிறது என்பதை எண்ணாகச் சொல்வது. இங்கே அது சரியான வகைக்குக் கொடுத்த நிகழ்தகவின் இயல் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றியது. மாடல் சரியான வகைக்கு 0.9 நிகழ்தகவு கொடுத்தால் இழப்பு 0.105. 0.01 கொடுத்தால் 4.605. தவறான விடையை உறுதியோடு சொல்வதற்குத்தான் பெரிய தண்டனை. இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது: ஐந்து வகை உள்ள நெட்வொர்க்கைப் பயிற்சிக்கு முன் ஓட்டினால் இழப்பு ஏறக்குறைய 1.609 வர வேண்டும், அதாவது 5இன் இயல் மடக்கை. பத்து வகை என்றால் 2.303. தொடக்கத்திலேயே 7, 8 என்று காட்டினால் எடைகளின் (பயிற்சியில் மாடல் மாற்றிக்கொள்ளும் எண்களின்) தொடக்க மதிப்பிலோ தரவை அளவிட்ட விதத்திலோ கோளாறு.

இரண்டு, சாய்வு, அதாவது ஒரு எடையைக் கொஞ்சம் மாற்றினால் இழப்பு எவ்வளவு மாறும் என்பது. லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை, ‘நம்பை’ என்ற பைதான் கணித நூலகத்தை மட்டும் வைத்து 30 வரியில் நீங்களே எழுதிப் பாருங்கள். சாய்வு என்பது கணித்த நிகழ்தகவிலிருந்து சரியான விடையைக் கழித்து, அதை உள்ளீட்டால் பெருக்குவது. எழுதியது சரியா என்று பார்க்க, ஒரு எடையை 0.00001 கூட்டி ஒரு முறையும் குறைத்து ஒரு முறையும் இழப்பைக் கணக்கிட்டு, வித்தியாசத்தை 0.00002ஆல் வகுங்கள். இரண்டு எண்ணும் நான்கைந்து தசம இடம்வரை ஒத்துப்போக வேண்டும். 1986இல் ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் பரவலாக்கிய, நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும் பின்பரவல் முறை இதே கணக்கைப் பல அடுக்குகளுக்குச் சங்கிலி விதியால் நீட்டியதுதான்.

மூன்று, நிபந்தனை நிகழ்தகவு. ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. மாடல் நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நலமாக இருப்பவரில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 1,00,000 பேரைச் சோதித்தால் நோயாளிகள் 100, பிடிபடுவது 90. நலமானவர் 99,900, அவர்களில் தவறாகப் பிடிபடுவது 4,995. ஆக மாடல் கைகாட்டும் 5,085 பேரில் உண்மையான நோயாளி 1.8 சதவீதம்கூட இல்லை. இந்தக் கணக்கு தெரியாமல் ‘90 சதவீதம் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தை நம்பி யாரும் ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

அளவுகோல் எழுதியது:

அணிக்கோவை, மூன்றுமே சரி. வரிசையில்தான் எனக்கு மாறுபாடு. இழப்பு ஏன் குறையவில்லை என்ற கேள்வி முன்னால் நிற்கும்போது சாய்வைப் படித்தால் அன்றே புரியும். ஆறு மாதம் கணிதம் மட்டும் படித்துவிட்டு வருகிறேன் என்பவர்களில் பலர் தரவுப் பக்கமே வருவதில்லை.

உங்கள் மூன்றாவது கணக்கின் தொடர்ச்சியாக ஒன்று. 900 புகாரில் 85 சதவீதம் சரி என்றால் அந்த எண்ணைச் சுற்றி ஏறக்குறைய 2.3 சதவீதம் மேலும் கீழும் ஆட்டம் உண்டு. 0.85ஐ 0.15ஆல் பெருக்கி, 900ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96ஆல் பெருக்கினால் அது வரும். அதனால் ஒரு மாடல் 85, இன்னொன்று 86 என்றால் இரண்டாவது மேல் என்று அந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தெந்தப் புகாரில் இரண்டும் மாறுபடுகின்றன என்று எடுத்து அவற்றை மட்டும் பாருங்கள்.

மொத்தச் சதவீதத்தோடும் நிற்காதீர்கள். வகைவாரியாகப் பிரிசிஷன், ரீகால் இரண்டையும் எழுதுங்கள். ‘கணக்குச் சிக்கல்’ என்று மாடல் சொன்ன 150இல் உண்மையில் அது 80 என்றால் பிரிசிஷன் 53 சதவீதம். உண்மையான கணக்குச் சிக்கல்கள் 100 இருந்து அவற்றில் 80 பிடிபட்டால் ரீகால் 80 சதவீதம். எது முக்கியம் என்பதை வேலைதான் சொல்லும். பணம் திரும்பக் கேட்பவர் தவறான பிரிவில் மூன்று நாள் கிடப்பது பெரிய தவறு, ‘மற்றவை’யில் கொஞ்சம் கலப்பது சின்னத் தவறு.

தரச்சோதனை எழுதியது:

இழைக்கு ஒட்டிய கேள்விதான், படத்தைப் பற்றியது. உலோகத் தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் மாடல். மேசையில் வைத்துச் சோதித்தபோது 99 சதவீதம். உற்பத்தி வரிசையில் வைத்ததும் பாதிக் கீறலை விட்டுவிடுகிறது. காமிரா 4,000க்கு 3,000 பிக்சல். மாடல், படங்களை வகைப்படுத்தும் நெட்வொர்க்கான ரெஸ்நெட்-18. நிரல், பைடார்ச் நூலகத்தில். எங்கே பார்ப்பது?

பிக்சல்கண் எழுதியது:

முதல் சந்தேகம் படத்தின் அளவு. ரெஸ்நெட்டை வழக்கமான 224க்கு 224 உள்ளீட்டில் வைத்திருப்பீர்கள். 4,000 பிக்சல் அகலம் 224 ஆகச் சுருங்கும்போது ஏறக்குறைய 18இல் ஒரு பங்கு. 12 பிக்சல் அகலமுள்ள கீறல் 0.7 பிக்சலுக்கும் கீழே போய்விடும். மாடல் பார்க்கும் படத்தில் கீறலே இல்லை. சுருக்கிய படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாதது மாடலுக்கும் தெரியாது.

அப்படியானால் மேசையில் 99 எப்படி வந்தது? அங்கேதான் இரண்டாவது சந்தேகம். கீறல் உள்ள தகடுகளை ஒரு நாளும் நல்ல தகடுகளை இன்னொரு நாளும் படம் எடுத்திருந்தால், மாடல் வெளிச்சத்தைக் கற்றுக்கொண்டிருக்கும், கீறலை அல்ல. மருத்துவப் படங்களிலும் இது நடந்திருக்கிறது: நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் மாடல்கள் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே அவற்றால் கண்டுகொள்ள முடிந்தது. ஓரிடத்தில் நோயாளிகள் அதிகம் என்றால் இடத்தைக் கண்டுகொள்வதே நோயைக் கண்டுகொண்டதுபோல் மதிப்பெண் வாங்கித் தரும். மூன்றாவது, ஒரே தகட்டின் பத்துப் படங்களில் எட்டு பயிற்சியிலும் இரண்டு சோதனையிலும் போயிருக்கலாம். பிரிப்பது தகட்டு எண்ணின்படி இருக்க வேண்டும், படத்தின்படி அல்ல.

செய்ய வேண்டியது: முழுப்படத்தைச் சுருக்காமல் 512க்கு 512 துண்டுகளாக வெட்டுங்கள். அடுத்தடுத்த துண்டுகள் 64 பிக்சல் ஒன்றன்மேல் ஒன்று விழட்டும், இல்லையென்றால் எல்லையில் விழும் கீறல் இரண்டு பக்கமும் தப்பிவிடும். ஒரு துண்டில் கீறல் என்றாலே தகடு தோல்வி. இப்படிச் செய்தால் தவறான எச்சரிக்கை பெருகும், ஏனென்றால் ஒரு தகட்டுக்கு இப்போது 9க்கு 7 என்று 63 துண்டுகள், தவறுவதற்கு 63 வாய்ப்பு. ஆகவே எவ்வளவு நிகழ்தகவுக்கு மேல் கீறல் என்று சொல்வது என்ற வரம்பைத் துண்டு அளவில் வைக்காமல் தகட்டு அளவில் கணக்கிட்டு வையுங்கள்.

காமிராவைத் தொட்டுப் பார்ப்பதும் மாடலைத் தொடுவது மாதிரியே முக்கியம். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் மெல்லிய கீறல் மறையும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் கீறலின் விளிம்பு பளிச்சென்று எழும். வெளிச்சம் சரியாக விழுந்துவிட்டால் பயிற்சிக்கு வேண்டிய படங்களின் எண்ணிக்கையே குறையும்.

நிரலில் மூன்று இடம் பாருங்கள். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகம் படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கிறது. முன்பயிற்சி பெற்ற ரெஸ்நெட் எதிர்பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம். அடுத்து, வரிசையில் ஓட்டும்போது மாடலைப் பயிற்சி நிலையிலிருந்து இவால் (பயன்பாட்டு) நிலைக்கு மாற்றாவிட்டால், தொகுதியின் சராசரியை வைத்து எண்களைச் சமன்செய்யும் பேட்ச்நார்ம் அடுக்கு ஒவ்வொரு தொகுதிக்கும் விடையை மாற்றிக்கொண்டே இருக்கும். கடைசியாக, இழப்பைக் கணக்கிடும் பைடார்ச்சின் கிராஸ்என்ட்ரோபிலாஸ் தனக்குள்ளேயே சாஃப்ட்மேக்ஸ் (மாடலின் எண்களை நிகழ்தகவாக மாற்றுவது) செய்கிறது. அதற்கு முன்னால் நீங்களும் ஒன்று போட்டால் பயிற்சி மந்தமாகும், ஆனால் நிற்காது. பிடிப்பது கடினம். எதையும் நம்புவதற்கு முன், 16 படங்களை மட்டும் கொடுத்து இழப்பு சுழியை நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்கவில்லை என்றால் நிரலில் பிழை, தரவைக் குறை சொல்லாதீர்கள்.

புதுவரவு எழுதியது:

மெய்யெழுத்து சொன்னபடி எழுத்துத் துண்டுக்கு மாற்றியதும் சரிபார்ப்புத் தொகுப்பில் மதிப்பெண் நன்றாகவே ஏறிவிட்டது. நன்றி. இப்போது உடன் வேலை செய்பவர்கள் கேட்பது: இவ்வளவு பாடு எதற்கு, பெரிய மொழி மாடலிடம் புகாரைக் கொடுத்து ‘எந்த வகை’ என்று கேட்டால் போதாதா?

சொல்வரிசை எழுதியது:

போதுமானதாக இருக்கலாம். யூகிக்காமல் அதே 900 சரிபார்ப்புப் புகாரில் இரண்டையும் ஓட்டி ஒப்பிடுங்கள். ஆனால் கேட்கும் விதத்தில் விடை நிறைய மாறும்.

வகைப் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு வரி வரையறை, எல்லைக்கோட்டில் நிற்கும் புகார் எங்கே சேரும் என்ற விதி, வகைக்கு இரண்டு மூன்று எடுத்துக்காட்டு, இவ்வளவும் போகட்டும். விடை ஐந்து பெயரில் ஒன்றாக மட்டும் வர வேண்டும். வேறு எது வந்தாலும் உங்கள் நிரல் அதை மனிதரிடம் அனுப்ப வேண்டும். விடை தற்செயலாக மாறுவதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் அளவுருவைச் சுழியில் வையுங்கள். புகாருக்குள்ளேயே ‘மேலே சொன்னதை விட்டுவிட்டு இதைச் செய்’ என்று யாராவது எழுதினாலும் அது வெறும் தரவாகத்தான் நடத்தப்பட வேண்டும். அதற்கும் இந்த ஐந்து பெயர்ச் சோதனையே முதல் தடுப்பு. வெளிச் சேவையைப் பயன்படுத்தினால் தொலைபேசி எண், கணக்கு எண், பெயர் எல்லாம் உங்கள் பக்கத்திலேயே மறைக்கப்பட்ட பிறகுதான் உரை வெளியே போக வேண்டும்.

தமிழுக்கு ஒரு கூடுதல் செலவு உண்டு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். ‘தமிழ்’ 5 புள்ளி, 15 பைட். மாடல் உரையை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கிறது. அந்த டோக்கன் பட்டியல் உருவாக்கப்பட்ட உரையில் தமிழ் குறைவாக இருந்தால் ஒரு சொல் பல துண்டுகளாக உடையும். டோக்கன் கணக்கில் கட்டணம் என்றால் அதே செய்திக்குத் தமிழில் கூடுதல் கட்டணம், மாடலின் நினைவுச் சாளரமும் (ஒரே நேரத்தில் அது பார்க்கக்கூடிய உரையின் அளவு) சீக்கிரம் நிரம்பும். மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் 100 புகாரை அதன் டோக்கனைசரில் போட்டுச் சராசரியை எண்ணிப் பாருங்கள்.

சொந்தக் கணினியில் ஓட்ட நினைத்தால் நினைவகக் கணக்கு: 700 கோடி அளவுருக்கள் உள்ள மாடல் 16 பிட்டில் 14 ஜிபி. 4 பிட்டுக்குச் சுருக்கினால் எடைகள் 3.5 ஜிபி, நினைவுச் சாளரத்துக்கு இன்னும் கொஞ்சம். முழுதாகப் பயிற்சி கொடுக்க, எடைகளைத் திருத்தும் ஆடம் என்ற முறையில் ஒரு அளவுருவுக்கு ஏறக்குறைய 16 பைட், அதாவது 112 ஜிபி. அதனால்தான் லோரா, அதாவது மாடலின் எடைகளைத் தொடாமல் பக்கத்தில் சிறிய அணிகளை வைத்து அவற்றை மட்டும் பயிற்றுவிக்கும் முறை. 4,096க்கு 4,096 அணி ஒன்றில் 1,67,77,216 எண்கள். லோரா தரம் (அந்தச் சிறிய அணிகளின் அகலம்) 8 என்றால் அதன் பக்கத்தில் 65,536 எண்களை மட்டும் பயிற்றுவிக்கிறோம், 0.4 சதவீதம். உங்கள் வேலைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு. வகைப் பிரிப்புக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அது தடுமாறும் புகாருக்கு மட்டும் பெரிய மாடல் என்று இரண்டடுக்காக வைத்தால் செலவும் குறையும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் வரும்: பதிலையும் மாடலே எழுதலாமா? 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பின் மேல் நிற்கும் இந்த மாடல்கள் அடுத்த டோக்கனைக் கணிக்கின்றன. கணிப்பு உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்குள் இல்லை. உங்கள் விதிகளைத் தேடி எடுத்து முன்னால் வைத்துத்தான் எழுதச் சொல்ல வேண்டும். விதிப் புத்தகத்தை 200 முதல் 400 சொல் துண்டுகளாக, விதியின் நடுவில் வெட்டாமல் பிரியுங்கள். அர்த்தத்தை வைத்துத் தேடும் எம்பெடிங்கோடு, சொல்லை வைத்துத் தேடும் பிஎம்25ஐயும் சேருங்கள். பொருள் எண், விதி எண் போன்றவற்றை எம்பெடிங் கோட்டைவிடும். 50 கேள்விகளை எழுதி, சரியான துண்டு முதல் ஐந்தில் வருகிறதா என்று மட்டும் முதலில் அளவிடுங்கள். தேடலில் வராத துண்டை எந்த மாடலாலும் பதிலில் கொண்டுவர முடியாது. அந்த 50இல் குறைந்தது பத்துக் கேள்விகளாவது, விதிப் புத்தகத்தில் விடையே இல்லாதவையாக இருக்கட்டும். ‘தெரியவில்லை’ என்று சொல்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத இடம் இது. ஏர் கனடாவின் இணைய உரையாடல் கருவி, உறவினர் இறப்புக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் நிறுவனமே பொறுப்பு என்று இழப்பீடு வழங்கச் சொன்னது. பணம் திரும்பத் தருவது பற்றிய பதிலை மனிதர் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

அளவுகோல் எழுதியது:

இரண்டடுக்கு யோசனையை எப்படிச் செயல்படுத்துவது என்று மட்டும் சேர்க்கிறேன். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிகழ்தகவு தரும். சரிபார்ப்புத் தொகுப்பில் 0.5, 0.6, 0.7, 0.8, 0.9 என்று வரம்பை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் எத்தனை புகார் தானாகப் போகும், அதில் எத்தனை தவறு என்று அட்டவணையில் இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். எந்த வரியை ஏற்பது என்பதைச் சேவை மையத்தை நடத்துபவர் முடிவு செய்யட்டும். வரம்புக்குக் கீழே வருவது அடுத்த அடுக்குக்கோ மனிதருக்கோ போகட்டும்.

தொடங்கிய பிறகும் தானாகப் போனவற்றில் வாரம் 50 புகாரை எந்தத் தேர்வும் இல்லாமல் குலுக்கி எடுத்து ஆள் பார்க்க வேண்டும். சந்தேகமானவற்றை மட்டும் பார்த்தால் மாடல் உறுதியோடு செய்யும் தவறு ஒருபோதும் தெரியாது. உலகம் மாறும்போது மாடல் தானாக மாறாது. தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ பரவலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் 2008இல் தொடங்கியபோது பெரிதும் பேசப்பட்டது. 2012-13 பருவத்தில் உண்மையைவிட மிக அதிகமாகக் கணித்தது, பிறகு 2015இல் நிறுத்தப்பட்டது. மக்கள் தேடும் விதம் மாறும், தேடுபொறியின் பரிந்துரைகளும் மாறும். உங்கள் இடத்தில் ஒரு புதுப் பொருளோ புதுக் கட்டண முறையோ வந்தால் போதும்.

புதுவரவு எழுதியது:

100 தவறுகளைப் படித்தேன். பாதிக்குமேல் ‘பழுது’க்கும் ‘பணம் திரும்பக் கேட்பது’க்கும் இடையே குழம்பியவை. ‘பொருள் உடைந்து வந்திருக்கிறது, காசைத் திருப்பிக் கொடுங்கள்’ மாதிரி. ஆட்கள் போட்ட பழைய லேபிள்களிலேயே (வகைப் பெயர்களிலேயே) இதை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் போட்டிருக்கிறார்கள். மாடலை என்ன செய்வது?

மெய்யெழுத்து எழுதியது:

மாடலை ஒன்றும் செய்யாதீர்கள். லேபிள் போடும் இருவரிடம் ஒரே 200 புகாரைத் தனித்தனியாகக் கொடுங்கள், ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒத்துப்போன சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கோஹனின் கப்பாவைக் கணக்கிடுங்கள், தற்செயலாக ஒத்துப்போவதை அது கழித்துவிடும். எடுத்துக்காட்டாக, ‘பழுது’, ‘பழுது அல்ல’ என்று இரண்டே விடை. இருவருமே 80 சதவீதத்துக்கு ‘அல்ல’ என்கிறார்கள். 85 சதவீதம் ஒத்துப்போகிறது. தற்செயலாகவே 68 சதவீதம் ஒத்துப்போகும் (0.8ஐ 0.8ஆலும் 0.2ஐ 0.2ஆலும் பெருக்கிக் கூட்டினால் வருவது). மீதமுள்ள 32இல் அவர்கள் உண்மையில் சாதித்தது 17. கப்பா 0.53. 85 என்று கேட்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ஆட்களே இவ்வளவுதான் ஒத்துப்போகிறார்கள் என்றால் மாடலிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கு அர்த்தமில்லை.

பிறகு விதி எழுதுங்கள். இந்தப் புகாரைப் பொறுத்தவரை கேள்வி ‘எதைப் பற்றியது’ என்பதல்ல, ‘எந்தப் பிரிவு முதலில் கையை வைக்க வேண்டும்’ என்பது. பழுதைப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் பணம் போகும் என்றால் லேபிள் ‘பழுது’. இரண்டு பிரிவும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்றால் ஒரே வகை என்ற கட்டுப்பாட்டையே கைவிட்டு, ஒவ்வொரு வகைக்கும் தனி ஆம்-இல்லை மாடல் வையுங்கள். லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் அது ஐந்து முறை ஓட்டுவது, அவ்வளவுதான்.

திருத்துவதை எங்கிருந்து தொடங்குவது என்பதில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சரிபார்ப்பு 900ஐ முதலில் புது விதிப்படி மறுபடி லேபிள் செய்யுங்கள். பூட்டி வைத்த கடைசி 900ஐயும் வேறு ஆள் திருத்தட்டும், நீங்கள் பார்க்காதீர்கள். பயிற்சி 4,200இல் எல்லாவற்றையும் தொட வேண்டாம். மாடலும் பழைய லேபிளும் மோதும் இடங்களையும், அந்த இரண்டு வகைக்கு நிகழ்தகவு ஏறக்குறைய சமமாக வரும் இடங்களையும் மட்டும் எடுத்தால் சில நூறுக்குள் முடியும். எந்தத் தேதியில் எந்த விதி மாறியது என்று ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். விதி மாறிய பிறகு வந்த மதிப்பெண்ணை அதற்கு முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது, பழைய மாடலையும் புது லேபிளில் ஒரு முறை ஓட்டி அந்த எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள்.